சவ்வுக்குக் காவலர் யார்?

பாகூர், புதுவையின் நெற்களஞ்சியம். வில்லியனூரோ, சங்கராபரணி தழுவும் ஊர், ஊசுட்டேரியின் உறவூர். ஆறும் ஏரியும் அணிசெய்யும் இந்த மண்ணிலே, கடலோரச் சிற்றூர்க் கிணறுகளில் உப்புக் கரிக்கிறது! ஆழ்குழாய்கள் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச, அந்த இடத்தை நோக்கிக் கடல் நகர்கிறது. உழுதவன் வீட்டிலே வெற்றுக் குடம். விற்பவன் வண்டியிலே தண்ணீர்க் கேன்!

வழியே இல்லையா? விஞ்ஞானம் தந்திருக்கிறது. 1959ஆம் ஆண்டையொட்டி, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில், லோப் என்பாரும் நம் நாட்டுச் சௌரிராஜனும், உப்பைத் தடுத்து நீரை விடும் சவ்வைச் செய்து காட்டினர். 2007இல் அதே பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பாலிமர்ச் சவ்விலே சியோலைட் எனும் கனிமத்தின் நுண்துகள்களைப் பதித்தனர். மீட்டரை நூறு கோடியாகப் பங்கிட்டால் ஒரு பங்கு நானோமீட்டர். அந்த அளவையால் அளக்கத்தக்க துகள்கள்! அவற்றின் துளைகள் நீருக்கு வழிவிட்டன. அதே அழுத்தத்தில் கூடுதல் நீர் கிடைத்தது.

அத்தகைய சவ்வு நம் சிற்றூர்களுக்கும் வரட்டும், வரவேற்போம். ஆனால், சவ்வு உப்பை ஒழிப்பதில்லை, ஒதுக்குகிறது. ஒதுக்கிய உவர்நீரை வாய்க்காலில் விட்டால், குடத்திலே இனிப்பு, கழனியிலே கரிப்பு! சவ்விலே அழுக்குப் படியும், கழுவ வேண்டும், நாள்பட்டால் மாற்ற வேண்டும். திறப்பு விழாவில் மாலை ஏற்கப் பலர் உண்டு. பழுதான சவ்வை மாற்றப் பணம் ஒதுக்குவார் யார்?

ஊராட்சிதானே என்பீர்கள். அந்த ஊராட்சி எங்கே? 1968க்குப் பின் உள்ளாட்சித் தேர்தலைக் காணப் புதுவை 38 ஆண்டுகள் காத்திருந்தது. 2006இல் வந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தது. பின்னர் ஆண்டுக்கணக்கில் கொம்யூன்களில் அதிகாரிகளின் ஆட்சி! அதிகாரி மாற்றலாகிப் போவார், உவர்நீர் போகுமா?

9ஆம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், கல்விச்சாலைக்கென மூன்று ஊர்கள் வழங்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. அன்று ஊர் கல்வியைக் காத்தது; இன்று கல்வி ஊரைக் காக்கட்டும்.

தோழர்களே! வீடுவீடாகச் சென்று சொல்லுங்கள்: உவர்நீருக்கு வழி வகுத்துவிட்டுச் சவ்வு வரட்டும், அதன் கணக்கும் சாவியும், மக்கள் தேர்ந்தெடுத்த, மக்கள் கேள்வி கேட்கக்கூடிய கொம்யூன் மன்றத்தின் கையில் இருக்கட்டும்!