வடதுருவ அரசியலைத் தீர்மானிப்பது தலைவர்களின் மனநிலையா?

கிரீன்லாந்து அமெரிக்காவுக்கு வேண்டும் என்று டொனால்ட் டிரம்ப் 2019இல் பேசினார். 2025 ஜனவரியில், அதற்காக ராணுவ பலத்தைப் பயன்படுத்தமாட்டேன் என உறுதி கூறவும் மறுத்தார். முதலாளித்துவ ஊடகங்கள் இதை ஒரு மனிதரின் கிறுக்குத்தனம் என்று எழுதித் தள்ளின. அவர் போய்விட்டால் ஆர்க்டிக் பகுதியில் மீண்டும் அமைதி திரும்பிவிடும் என்பது அந்த எழுத்துகளின் உட்பொருள்.

வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. 1946இல் ட்ரூமன் அரசாங்கம் 10 கோடி டாலர் மதிப்புள்ள தங்கத்தை விலையாகக் காட்டி இதே தீவைக் கேட்டது. டென்மார்க் விற்க மறுத்தது. ஆயினும் 1951 ஒப்பந்தத்தின் மூலம் தூலேயில் பெரும் ராணுவத் தளம் எழுந்தது. அங்கு வாழ்ந்த இனுயிட் வேட்டைக் குடும்பங்கள் 1953இல் விரட்டப்பட்டன. 1968இல் நான்கு ஹைட்ரஜன் குண்டுகளுடன் அமெரிக்க விமானம் ஒன்று அந்தத் தளத்தின் அருகே கடற்பனியில் விழுந்து நொறுங்கியது. ட்ரூமன் ஜனநாயகக் கட்சிக்காரர். டிரம்ப் குடியரசுக் கட்சிக்காரர். ஆட்கள் மாறினர், ஏகாதிபத்தியத்தின் பசி மாறவில்லை.

அப்படியானால் தனிநபர்களுக்குப் பாத்திரமே இல்லையா? 1898இல் பிளெக்கானவ் தனிக் கட்டுரையே எழுதி விவாதித்த கேள்வி இது. தனிநபர் வரலாற்றின் வேகத்தையும் வடிவத்தையும் பாதிக்க முடியும். ஆனால் சமூக சக்திகள் இடம் தரும் அளவுக்குத்தான் முடியும். வடதுருவமே இதற்குச் சான்று.

1987 அக்டோபர் 1 அன்று மூர்மான்ஸ்க் நகரில் பேசிய கோர்பச்சேவ், வட ஐரோப்பாவை அணு ஆயுதமற்ற மண்டலமாக்கவும், ராணுவ நடவடிக்கைகளைக் குறைக்கவும், அறிவியலிலும் சுற்றுச்சூழலிலும் ஒத்துழைக்கவும் அழைப்பு விடுத்தார். அந்த உரையே 1996இல் ஆர்க்டிக் கவுன்சில் பிறக்க வழிவகுத்தது என்று இன்றும் புகழ்கிறார்கள். ஆனால் அதில் பாதி மட்டுமே ஏற்கப்பட்டது. ராணுவப் பாதுகாப்பு குறித்து கவுன்சில் பேசக்கூடாது என்ற நிபந்தனையை அமெரிக்கா வலியுறுத்தி ஒட்டாவா பிரகடனத்தில் சேர்த்தது. அமைதிக்கான அழைப்பிலிருந்து அமைதியே வெட்டி எடுக்கப்பட்டது.

கீழிருந்து எழுந்த மனிதர்களின் கதையோ அதிகம் பேசப்படுவதில்லை. 1968இல் அலாஸ்காவின் புருடோ விரிகுடாவில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. பெரும் நிறுவனங்கள் அங்கு படையெடுத்தன. நார்த் ஸ்லோப் பகுதியின் மேயராக இருந்த இனுபியாட் தலைவர் எபன் ஹாப்சன், ஒரு நாட்டின் எல்லைக்குள் நின்று இதை எதிர்கொள்ள முடியாது என்று உணர்ந்தார். 1977இல் அலாஸ்கா, கனடா, கிரீன்லாந்து இனுயிட் மக்கள் பாரோ நகரில் கூடி பொது அமைப்பைக் கண்டனர். ஹாப்சனின் பெருமை, தம் மக்களின் தேவையை எல்லை கடந்த அமைப்பாக மாற்றியதில் இருக்கிறது. இன்று அந்த அமைப்பு ஆர்க்டிக் கவுன்சிலில் நிரந்தரப் பங்கேற்பாளர்.

உக்ரைன் போரைத் தொடர்ந்து 2022 மார்ச்சில் ஏழு நாடுகள் கவுன்சில் பணிகளை நிறுத்தி வைத்தன. பின்லாந்தும் சுவீடனும் நேட்டோவில் சேர்ந்தன. எட்டு ஆர்க்டிக் நாடுகளில் ஏழு இன்று ஒரே ராணுவக் கூட்டணியில் உள்ளன. இவ்வளவுக்கும் இடையில் பேரண்ட்ஸ் கடலின் காட் மீன் வளத்தை நார்வேயும் ரஷ்யாவும் ஆண்டுதோறும் பேசிப் பங்கிட்டே வந்துள்ளன. பனிப்போரின் நடுவே 1970களில் தொடங்கிய ஏற்பாடு அது. எந்தத் தலைவரின் நட்பும் அதைத் தாங்கவில்லை. மீன் எல்லைக்கோடு அறியாது என்பதும், ஒருவர் அள்ளித் தீர்த்தால் இருகரை மீனவரும் பட்டினி என்பதும்தான் அதைத் தாங்குகின்றன.

இந்தியாவுக்கும் இதில் பொறுப்புண்டு. 2008 முதல் ஸ்வால்பார்டில் ‘ஹிமாத்ரி’ ஆய்வு நிலையம் உள்ளது. 2013 முதல் கவுன்சிலில் நாம் பார்வையாளர். வடதுருவப் பனி உருகலுக்கும் நமது பருவமழைக்கும் தொடர்புண்டு என்று ஒன்றிய அரசின் 2022 ஆர்க்டிக் கொள்கையே பேசுகிறது. அதே ஆவணம் அங்குள்ள கனிமங்களிலும் வாய்ப்புத் தேடுகிறது. மழையை நம்பி வாழும் விவசாயியின் நலனும் சுரங்க முதலாளியின் நலனும் ஒன்றல்ல.

பிரதமர்களின் கட்டித்தழுவல்கள் வெளியுறவுக் கொள்கை ஆகாது. வடதுருவம் ராணுவமயமாவதை எதிர்த்தும், கிரீன்லாந்து மக்களின் சுயநிர்ணய உரிமையை ஆதரித்தும் இந்தியா உரத்துப் பேச வேண்டும். அப்படிப் பேச வைக்கும் வலிமை இந்நாட்டு உழைக்கும் மக்களின் இயக்கத்திடமே உள்ளது.