வெள்ளி நாக்கும் ஐம்பது காசும்

வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி (1869–1946) பேரை எடுத்தாலே நம்ம ஆளுங்க அவரோட இங்கிலீஷைத்தான் சிலாகிப்பாங்க. வெள்ளி நாக்குக்காரராம், வெள்ளைக்காரனே அசந்துட்டானாம்... கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு சாமி! தூதரா போனவரை எடைபோட உச்சரிப்பா அளவுகோல்? யாருக்காகப் போனாரோ, அவங்களுக்கு என்ன கிடைச்சுது?

திருவல்லிக்கேணியில தலைமையாசிரியரா இருந்தவர், கோகலேவின் சீடர், 1927-ல் தென்னாப்பிரிக்காவுக்கு இந்தியாவின் முதல் ஏஜென்ட். நல்ல மனுஷன், சந்தேகமே இல்லை. டர்பன்ல இந்தியப் பிள்ளைங்க படிக்க நிதி திரட்டி சாஸ்திரி காலேஜ் வர வச்சார். ஆனா அவர் பங்கெடுத்த 1927 கேப்டவுன் உடன்படிக்கைக்கு இன்னொரு முகம் உண்டு. கரும்புத் தோட்டத்துல உழைச்ச இந்தியர்களுக்குக் காசு கொடுத்து 'ஊருக்குக் கிளம்பு'ன்னு அனுப்புற திட்டமும் அதுக்குள்ளதான் இருந்துச்சு.

அடுத்தது மலேயா. நேர்ல பார்த்துட்டு 1937-ல் அறிக்கை கொடுத்தார். மந்தகாலத்துல வெட்டின கூலியைப் பழையபடி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு ஆக்கணும்னார். பத்து காசு பாகுபாடு அப்படியே! ஆள் அனுப்புறதை நிறுத்தத் தேவையில்லைன்னும் சொன்னார். மறுவருஷமே இந்திய அரசு நிறுத்திடுச்சு.

1941-ல் கிள்ளான் தோட்டத் தொழிலாளிங்க தாங்களே வாயைத் திறந்தாங்க. சீனத் தொழிலாளிக்குச் சமமா கூலி கொடு, துரையைக் கண்டா சைக்கிளை விட்டு இறங்கணும்கிற வழக்கத்தை ஒழி... பதிலா வந்தது துப்பாக்கிச் சூடு.

"அந்தக் காலத்துல அவரால அவ்வளவுதான் முடியும்"னு சொல்வீங்க. சரி, ஒத்துக்கறேன். இந்தக் காலத்துக்கு வாங்க. 2024-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சுங்குவார்சத்திரத்துல சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செஞ்சாங்க. முக்கியக் கோரிக்கை என்ன? எங்க சங்கத்தை அங்கீகரி! நடுவுல வேறொரு தொழிலாளர் குழுவோட ஒப்பந்தம் போட்டுப் 'பிரச்சினை தீர்ந்தது'ன்னாங்க. வெளியில உக்காந்திருந்தவங்க ஏத்துக்கலை. 2025 ஜனவரியில சங்கம் பதிவாச்சு.

ஒரகடம் வரைக்கும் கம்பெனி பஸ்ல போற பிள்ளைகளுக்கு இன்னொரு வெள்ளி நாக்கு தேவையில்லைங்க. அவங்களுக்கே நாக்கு இருக்கு. சாஸ்திரி மாதிரி நல்லவரே பேசினாலும், அடுத்தவர் பேசி வாங்கித் தர்றது ஐம்பது காசோட நின்னுடும். சைக்கிள்ல இருந்து இறங்கினவனுக்குத்தான் அந்த அவமானம் தெரியும். பேச்சுவார்த்தை மேசையில முதல் நாற்காலியை அவனுக்குப் போடுங்க.