மலிவு யாருடைய குணம்?

வடமாநிலத் தொழிலாளர்களைப் பற்றித் தமிழ்நாட்டில் நடக்கிற விவாதத்தில் இரண்டே வசனங்கள்தான் இருக்கின்றன. ஒன்று: ‘வடக்கன் வந்துதான் நம்ம பசங்க பொழப்பு போச்சு.’ மற்றது: ‘அவன் இல்லேன்னா இங்க ஒரு செங்கல் நகராது சார், நம்மாளு எவன் வேலைக்கு வர்றான்?’ முதலாவதைச் சொல்பவரை இனவெறியர் என்று ஒதுக்கிவிடுகிறோம். இரண்டாவதைச் சொல்பவருக்கு முற்போக்காளர் பட்டம் கிடைத்துவிடுகிறது. எனக்கு இரண்டாமவர் மேல்தான் கோபம் அதிகம்.

முதலாமவரை முதலில் பார்த்துவிடலாம். வெளியாட்கள் வந்தால் உள்ளூர்க் கூலி குறையுமா என்ற கேள்விக்குப் பொருளாதாரத்தில் பேர்போன ஒரு வழக்கு உண்டு. 1980இல் கியூபாவின் மரியேல் துறைமுகத்திலிருந்து சில மாதங்களுக்குள் சுமார் 1,25,000 பேர் படகேறி அமெரிக்கா வந்தார்கள். மயாமி நகரத்தின் உழைப்பாளர் தொகை சட்டென்று 7 சதவீதம் கூடியது. உள்ளூர்க்காரர்களின் கூலியிலோ வேலைவாய்ப்பிலோ சொல்லும்படியான பாதிப்பு எதுவும் இல்லை என்று 1990இல் டேவிட் கார்ட் எழுதினார். கால்நூற்றாண்டு கழித்து ஜார்ஜ் போர்ஹாஸ் (அவரே கியூபாவிலிருந்து சிறுவனாக வந்தவர்தான்) அதே புள்ளிவிவரங்களைக் கிளறி, பள்ளிப்படிப்பை முடிக்காத ஆண்களின் கூலி 10 முதல் 30 சதவீதம் சரிந்தது என்றார். நீங்கள் எடுத்த மாதிரி ரொம்பச் சின்னது, கணக்கெடுப்பில் சேர்க்கப்பட்ட ஆட்களே அந்த வருடங்களில் மாறிவிட்டார்கள் என்று மற்றவர்கள் பதில் சொன்னார்கள். கார்டுக்கு 2021இல் நோபலும் கிடைத்தது. சண்டை முடிந்தபாடில்லை.

யார் ஜெயித்தார்கள் என்பதைவிட எங்கே தேடினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். இரண்டு தரப்பும் பாதிப்பைத் தேடிப்போன இடம் ஒன்றுதான்: படிப்பில்லாத, அடிமட்டக் கூலிக்காரர். பேராசிரியருக்கோ வங்கி மேலாளருக்கோ என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை, அவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்பதால். ஆக, திருப்பூரில் ஒரு கைமடிப்பு ஆளோ கோவையில் ஒரு சித்தாளோ ‘எனக்குப் பயமா இருக்கு’ என்றால் அந்தப் பயத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. ஐ.டி. பார்க்கில் உட்கார்ந்துகொண்டு அதைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமை கிடையாது. பயம் நியாயம்தான். கை நீட்டுகிற திசைதான் தப்பு.

இப்போது இரண்டாமவரிடம் வருவோம். ‘நம்மாளு வரமாட்டான்.’ எந்தக் கூலிக்கு வரமாட்டான்? எத்தனை மணி நேரத்துக்கு வரமாட்டான்? இந்தக் கேள்விகளைக் கேட்டால் பேச்சு உடனே ‘டாஸ்மாக்’, ‘இலவசம்’, ‘சோம்பேறி’ என்று திரும்பிவிடும். நான் திருப்பூர்க்காரன். அத்தை செக்கிங் வேலைக்குப் போனவர். இந்த ஊரில் கூலி மலிவாக இருந்ததற்கும் இந்தி பேசுகிறவர்கள் வந்ததற்கும் முடிச்சுப் போடுகிறவர்கள் சுமங்கலித் திட்டத்தை வசதியாக மறந்துவிடுகிறார்கள். தென்மாவட்டங்களிலிருந்து பதின்பருவப் பெண்களைக் கூட்டிவந்து நூற்பாலை விடுதியில் அடைத்து, மூன்று வருடம் முடிந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்று ஆசைகாட்டிய திட்டம் அது. நடுவில் உடம்பு முடியாமல் கிளம்பினால் அந்தத் தொகையும் கிடைக்காது. அந்தப் பெண்கள் சுத்தமான தமிழச்சிகள். அப்போதும் கூலி மலிவுதான்.

இன்னொன்று. 2014இல் தமிழக அரசு தையல் தொழிலாளர்களுக்கான குறைந்தபட்சக் கூலியை, பத்தாண்டுகளுக்குப் பிறகு, உயர்த்தியது. ஆலை முதலாளிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் தொழிலாளர் பக்கம் நின்றது. அந்தக் கூலி உயர்வுக்குக் குறுக்கே நின்றது பீகார்க்காரன் இல்லை.

மலிவு என்பது பீகாரிலிருந்து ரயிலேறி வருகிற குணம் அல்ல, அதை இங்கேதான் தயாரிக்கிறார்கள். ஊரில் முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்கும் கான்ட்ராக்டர். கம்பெனிக்குப் பின்னால் தகரக் கொட்டகை, அதிலேயே படுக்கை, அதனால் பன்னிரண்டு மணி நேரம் கழித்தும் ‘ஒரு லோடு வந்திருக்கு, எழுந்து வா’ என்று கூப்பிடலாம். குடும்பம் கூட இல்லாததால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்க மாட்டான். தொழிற்சங்க நோட்டீஸ் தமிழில் இருக்கும், அவனுக்குப் படிக்கத் தெரியாது. சம்பளச் சீட்டு எந்த மொழியிலும் இருக்காது. கை போனால் ஊருக்கு டிக்கெட் போட்டு அனுப்பிவிடலாம். இத்தனையையும் செய்துவிட்டு ‘இவனுங்க நல்லா உழைக்கிறானுங்க’ என்று சர்ட்டிபிகேட் வேறு.

செலவு, வரவு என்று பேசுகிறவர்கள் ஒரு வரவை மட்டும் ஒருபோதும் எழுதுவதில்லை. இருபது வயதுப் பையன் ஒருவன் சென்ட்ரலில் வந்து இறங்குகிறான். அவனைப் பெற்று, தடுப்பூசி போட்டு, எட்டாவது வரையாவது படிக்கவைத்த செலவெல்லாம் அவன் ஊருடையது. உழைக்கத் தெம்புள்ள இருபது வருடம் நமக்கு. இருமல் வந்தபின் மறுபடி அவன் ஊருக்கு. இதில் யார் யாருக்கு மானியம் கொடுக்கிறார்கள்?

‘அவங்களால நமக்கு லாபம், அதனால நல்லா நடத்தணும்’ என்கிற வாதத்தில் எனக்கு இருக்கும் பெரிய சிக்கல், அந்த ‘அதனால’தான். லாபம் என்பது பாதுகாப்பு கிடையாது, சில சமயம் அதுவே பூட்டு. 2020 மே மாதம், ஊரடங்கில் சிக்கிய தொழிலாளர்களை ஊருக்குக் கொண்டுபோகச் சிறப்பு ரயில்கள் விட்டபோது, கர்நாடக முதல்வர் கட்டுமான நிறுவனங்களின் பிரதிநிதிகளைச் சந்தித்தார். அதன்பிறகு அந்த மாநிலம் ரயில்கள் வேண்டாமென்று சொல்லிவிட்டது. எதிர்ப்பு கிளம்பியபின்தான் மறுபடி ஓடின. அவர்கள் இல்லாமல் பொருளாதாரம் நகராது என்பதை உண்மையிலேயே நம்பியவர்கள் செய்த காரியம் இது.

நாமே அந்தப் பக்கம் நின்றவர்கள்தான். இலங்கையின் அந்நியச் செலாவணியைத் தூக்கி நிறுத்தியது தேயிலை. தேயிலையைக் கிள்ளியது இங்கிருந்து கங்காணிகள் கூட்டிப்போனவர்களின் பிள்ளைகள். அவர்களைவிட லாபம் ஈட்டிக்கொடுத்த குடியேறிகள் அந்தத் தீவில் வேறு யார்? ஆனாலும் 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்து ஓட்டும் போனது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேர், அவர்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். பத்து வருடம் கழித்து அதையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். அப்படி வந்து நீலகிரியில் இறங்கியவர்களை நாம் ‘சிலோன்காரங்க’ என்றோம்.

இதைத் தெரிந்துவைத்திருக்கிற அதே தமிழ்நாட்டில்தான், 2025இல் வாக்காளர் பட்டியல் திருத்தத்தின்போது வடமாநிலத் தொழிலாளர்களுக்கு இங்கே ஓட்டு கிடைத்துவிடுமோ என்று கட்சி வித்தியாசமில்லாமல் பதறினார்கள். கணக்கெடுப்பில் மோசடி நடக்கும் என்ற பயம் வேறு, அதைத் தனியாகப் பேசலாம். ஆனால் பத்து வருடமாக ஒரே தெருவில் குடியிருந்து, இங்கேயே பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தவனுக்கு அந்தத் தெருவின் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்க உரிமை இருக்கக் கூடாதா?

‘கூலி ஏறினா ஆர்டர் வங்கதேசத்துக்குப் போயிடும்’ என்பார்கள். பனியனுக்கு அந்தக் கவலை உண்மைதான், மறுக்கவில்லை. பரோட்டா மாஸ்டர் வேலை எந்த வங்கதேசத்துக்குப் போகும்? ஒரகடத்தில் கட்டுகிற அடுக்குமாடி எங்கே போகும்? இவற்றிலும் ஏன் அதே கொட்டகை, அதே பன்னிரண்டு மணி நேரம்?

உள்ளூர்ச் சித்தாளின் கூலியைக் காப்பாற்ற ஒரே வழி, பக்கத்தில் நிற்கும் ஒடிசாக்காரனை அதைவிடக் குறைவாக அமர்த்த முடியாதபடி செய்வது. 1979இலேயே இதற்கு ஒரு சட்டம் போட்டார்கள், மாநிலங்களிடை இடம்பெயர் தொழிலாளர் சட்டம். கான்ட்ராக்டருக்கு உரிமம் வேண்டும், அதே வேலைக்கு உள்ளூர்க்காரனின் அதே கூலி, போகவர வழிச்செலவு. அதுபோக இடப்பெயர்வுப் படி என்று ஒன்று, மாதக் கூலியில் பாதி அல்லது 75 ரூபாய், எது அதிகமோ அது. பெரும்பாலும் ஏட்டிலேயே கிடந்த படி அது. 2020இல் அந்தச் சட்டத்தைப் புதிய தொகுப்புக்குள் கரைத்தபோது வழிச்செலவை வைத்துக்கொண்டார்கள், இடப்பெயர்வுப் படியை எடுத்துவிட்டார்கள். ‘வடக்கன்’ பற்றி நான் பார்த்த ஒரு விவாதத்திலும், இரண்டு தரப்பிலுமே, யாரும் அதைக் கேட்கவில்லை.