அரிசிக்கு எல்லைகளை மூடக்கூடாது: உலகப் பசி ஒழிப்பு குறித்து எங்கள் நிலைப்பாடு

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் இயங்கும் தமிழ்ச் சமூக அமைப்பாகிய நாங்கள், உலகப் பசியை ஒழிக்க நாடுகள் எப்படி ஒத்துழைக்க வேண்டும் என்பது பற்றிய எங்கள் நிலைப்பாட்டை இந்த அறிக்கையின் வழி முன்வைக்கிறோம்.

நெருக்கடிக் காலத்தில் உணவைப் பகிர்வது அந்தந்த அரசின் விருப்பத்துக்கு விடப்படக் கூடாது. நாடுகள் கையெழுத்திட்டு ஏற்கும் கடமையாக அது மாற வேண்டும். இதற்குத் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானில் மலேசியா முன்னின்று பாடுபட வேண்டும்.

ஏன் பினாங்கிலிருந்து பேசுகிறோம்

பிறர் விளைத்த அரிசியை உண்டு வளர்ந்த துறைமுகம் எங்கள் ஊர். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை பினாங்கைப் பிடித்தது. மறு ஆண்டு பர்மாவும் வீழ்ந்தது. பர்மா அரிசி வரத்து அற்றுப்போனதும் மலாயாவில் மரவள்ளிக்கிழங்கே சோறானது. தோட்டப்புறத் தமிழர் அந்தப் பசியில் மடிந்த கதையை ‘ஜப்பான்காரன் காலம்’ என்று எங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தோம்.

பிறர் அரிசியை நம்பும் நிலை அதன் பின்னும் மாறவில்லை. 2023 ஜூலையில், உள்நாட்டு விலையைக் கட்டுப்படுத்த, பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை இந்தியா தடை செய்தது. உலகச் சந்தையில் விலை ஏறியது. செப்டம்பர் 1 அன்று மலேசியாவின் அரிசி இறக்குமதி நிறுவனமான பெர்னாஸ் இறக்குமதி அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக உயர்த்தியது. எல்லாரும் மலிவான உள்ளூர் அரிசியைத் தேடவே, கடைகளில் அது கிடைக்காமல் போனது. அக்டோபரில் இந்தியா மலேசியாவுக்கு 170,000 டன் அனுப்ப விலக்களித்தது. அதற்கு நன்றியுடையோம். ஆனால் இப்படிக் கேட்டுப் பெறும் வாய்ப்பு எல்லா ஏழை நாடுகளுக்கும் அமைவதில்லை.

இருப்பதும் போதாததும்

ஆசியானின் அன்றைய 10 நாடுகளும் சீனா, ஜப்பான், தென்கொரியாவும் 2011-இல் அவசர அரிசி இருப்பு உடன்படிக்கை செய்துகொண்டன. ஒதுக்கப்பட்ட அளவு 787,000 டன். அதில் மலேசியாவின் பங்கு 6,000 டன். 13 நாடுகளுக்கான இந்த இருப்பை மலேசியர் மட்டும் உண்டாலே நான்கு மாதத்துக்குள் தீர்ந்துவிடும்.

ஒத்துழைப்பு என்ன செய்யும் என்பதற்குச் சான்று எங்கள் தீவிலேயே உண்டு. 2000-இல் வேர்ல்ட்ஃபிஷ் மீன்வள ஆய்வு மையம் மணிலாவிலிருந்து பினாங்குக்கு இடம்பெயர்ந்தது. அதன் திலாப்பியா மீன் மேம்பாட்டுப் பணி 1988-இல் பிலிப்பீன்சில் தொடங்கியது. மீன்கள் எகிப்து, கானா, கென்யா, செனகலிலிருந்து வந்தன. இனத்தேர்வு முறை நார்வேயின் சால்மன் வளர்ப்பிலிருந்து வந்தது. வேகமாக வளரும் அந்த மீன் இன்று பல நாடுகளில் ஏழைகளின் குளங்களில் வளர்கிறது. இம்மையத்தில் பணியாற்றிய மொடதுகு விஜய் குப்தா 2005-இலும், வங்காளதேசத்தின் சிறுமீன்களின் சத்தை உலகுக்கு உணர்த்திய சகுந்தலா தில்ஸ்டெட் 2021-இலும் உலக உணவுப் பரிசு பெற்றனர்.

ஆயினும் 2024-இல் உலகில் ஏறத்தாழ 67 கோடிப் பேர் பசியில் இருந்ததாக ஐ.நா. அமைப்புகள் கணக்கிட்டன. நிதிப் பற்றாக்குறையால் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம், வங்காளதேசத்தின் காக்ஸ் பஜார் முகாம்களிலுள்ள ரோஹிங்யா அகதிகளுக்கான உணவு உதவியை 2023-இல் ஒருவருக்கு மாதம் 12 டாலரிலிருந்து 8 டாலராகக் குறைத்தது. அங்கே பட்டினி மிகும்போது மக்கள் உயிரைப் பணயம் வைத்து எங்கள் கரை நோக்கிப் படகேறுகிறார்கள்.

எங்கள் கோரிக்கைகள்

1. மலேசியா அவசர இருப்பில் தன் பங்கை உயர்த்த வேண்டும். எந்த அளவு பற்றாக்குறைக்கு எத்தனை நாளில் அரிசி விடுவிக்கப்படும் என்பது உடன்படிக்கையில் எழுதப்பட வேண்டும்.

2. உலக உணவுத் திட்டத்தின் கொள்முதலை ஏற்றுமதித் தடைகளிலிருந்து விலக்க உலக வர்த்தக அமைப்பு 2022 ஜூனில் முடிவெடுத்தது. இறக்குமதியை நம்பி வாழும் ஏழை நாடுகளுக்கும் அந்தப் பாதுகாப்பு வேண்டும்.

3. உலக உணவுத் திட்டத்துக்கும் பொது ஆய்வு மையங்களுக்கும் ஆசிய நாடுகள் ஆண்டுதோறும் நிலையான நிதி வழங்க வேண்டும். வசதி பெருகிய எங்கள் வட்டாரம் மேற்கு நாடுகளின் கொடையை மட்டும் எதிர்பார்ப்பது முறையாகாது.

4. பினாங்கு மாநில அரசு செபராங் பிறையின் நெல் வயல்களை வீடமைப்புக்கும் தொழிற்சாலைகளுக்கும் மாற்ற அனுமதிக்கக் கூடாது. தன் வயலைக் காக்கும் நாட்டின் சொல்லுக்கே பேச்சுவார்த்தையில் மதிப்பிருக்கும்.

இந்நான்கையும் எங்கள் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களிடம் நேரில் அளிப்போம். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும் எழுத்துப்பூர்வமாகப் பதில் கேட்போம்.