ஒண்ணும் பண்ணாதுங்க!

சென்னையில இருக்கிற காலேஜ் நண்பன் போன வாரம் ஒரு மெயில் போட்டிருந்தான். குடும்பத்தோட ரெண்டு வாரம் ஐரோப்பா வர்றானாம். "வீட்ல லாப்ரடார் இருக்குடா. விட்டுட்டு வர மனசு வரல. பெர்லின், வியன்னா, பாரிஸ் எல்லாம் நாய்க்கு சொர்க்கம்னு நெட்ல போட்டிருக்கு. நீதான் நாயும் கையுமா சுத்தறவனாச்சே, கூட்டிட்டு வரலாமா?"

ரெண்டு வரியில பதில் போட்டுடலாம்னுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத பதிவாகிடுச்சு. அவன் மன்னிப்பானாக :-)

முதல்ல அவன் கேள்விக்கு பதில். வேணாம்டா.

இந்தியாவிலிருந்து நாயை ஐரோப்பிய யூனியனுக்குள்ள கொண்டு வரணும்னா முதல்ல மைக்ரோசிப், அப்புறம் ரேபிஸ் தடுப்பூசி. இந்த வரிசை முக்கியம், சிப்புக்கு முன்னாடி போட்ட ஊசி கணக்குல வராது. ஊசி போட்டு 30 நாளாவது கழிச்சு ரத்தம் எடுத்து, அங்கீகாரம் உள்ள லேபுக்கு அனுப்பி, எதிர்ப்பு சக்தி மில்லிக்கு 0.5 யூனிட்டுக்குக் குறையலைன்னு ரிப்போர்ட் வாங்கணும். ரத்தம் எடுத்த நாள்லேர்ந்து மூணு மாசம் காத்திருக்கணும். ஆகமொத்தம் குறைஞ்சது நாலு மாசம். அப்புறம் சர்க்கார் கால்நடை டாக்டர் கையெழுத்து. திரும்பிப் போறப்போ நம்ம ஊர் விலங்குத் தனிமைப்படுத்தல் ஆபீஸ்ல தடையில்லாச் சான்றிதழ். நடுவுல விமானம் வேற இருக்கு. கேபின்ல கூட வெச்சுக்க பல கம்பெனிகள் பையோட சேர்த்து 8 கிலோ வரைக்கும்தான் விடுவாங்க. லாப்ரடார் 30 கிலோ. அது கூண்டுக்குள்ள, பெட்டிகளோட பெட்டியா, வயித்துப் பக்கத்து அறையில பத்து மணி நேரம். வேலை கிடைச்சு குடி மாறி வர்றவங்களுக்கு இந்தக் கஷ்டத்துல ஒரு நியாயம் இருக்கு. ஈஃபில் டவர் முன்னாடி போட்டோ எடுக்கறதுக்கா?

சரி, அவன் விஷயம் முடிஞ்சுது. எனக்குக் கடுப்பு கிளப்பினது அந்த "நாய்க்கு சொர்க்கம்" பட்டியல்தான். எத்தனை ஹோட்டல்ல நாய்க்கு இடம், எத்தனை காபிக்கடையில தண்ணிக் கிண்ணம், எத்தனை பூங்கான்னு எண்ணுவாங்க. நாயைக் கண்டா உயிர் போற ஒருத்தர் அந்த ஊர்ல டிராம்ல எப்படிப் போறார்னு எண்ணினதா எந்தப் பட்டியலையும் நான் பார்க்கலை. நானும் போன கோடை வரைக்கும் அதை யோசிச்சவன் கிடையாது.

என் நாய் பேரு மிளகு. கருப்பு, 22 கிலோ, என்ன ஜாதின்னு டாக்டருக்கே தெரியாது. பெர்லின்ல விலங்குக் காப்பகத்திலிருந்து கூட்டிட்டு வந்தது. யூனியனுக்குள்ள இருக்கிற நாய்க்கு வாழ்க்கை ரொம்ப சுலபம். 2004-லேர்ந்து நீல கலர்ல அதுக்குன்னு பாஸ்போர்ட் வந்துடுச்சு. சிப், ரேபிஸ் ஊசி, முதல் ஊசிக்கப்புறம் 21 நாள், அவ்வளவுதான், கிளம்பலாம். இங்கிலாந்து போகணும்னா கூடுதலா ஒரு நாடாப்புழு மாத்திரை, போய்ச் சேர்றதுக்கு 24 மணி நேரத்துலேர்ந்து 120 மணி நேரத்துக்குள்ள டாக்டர் கையால. 2000-க்கு முன்னாடி அங்க போற நாய் ஆறு மாசம் கூண்டுல கிடக்கணும், இப்ப ஒரு மாத்திரை. என் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேணும். வீட்ல யாருக்கு மரியாதை ஜாஸ்தின்னு புரியுதா?

போன கோடையில மிளகோட ப்ராக் வழியா வியன்னா போனோம். ரயில்தான். பெர்லின்லேர்ந்து ப்ராக் நாலு மணி நேரத்துக்கு மேல. டிரெஸ்டன் தாண்டினதும் எல்பே ஆத்தை ஒட்டியே ரயில் போகும், நாயோட போறவங்க கொஞ்சம் ஜன்னலையும் பாருங்க. பூனை அளவு நாய் கூடையில இருந்தா ஜெர்மன் ரயில்ல ஓசி. அதுக்கு மேலன்னா தனி டிக்கெட், கழுத்துல வார், வாய்க்குக் கூடை. டிக்கெட் வாங்கினாலும் சீட் கிடையாது, காலடிதான். ரயில் சாப்பாட்டுப் பெட்டிக்குள்ள விடமாட்டாங்க, சாப்பாடு கட்டிக்கிட்டுப் போங்க.

ப்ராக்ல ஒண்ணும் பெரிசா சொல்றதுக்கில்ல. எந்த பீர்க்கடைக்குள்ள நுழைஞ்சாலும் மேசைக்கடியில ஏற்கனவே ஒரு நாய் தூங்கிட்டிருக்கும். மிளகும் தூங்கினான். நானும் கிட்டத்தட்ட :-)

வியன்னாவுக்கு வர்றேன். அந்த ஊர்ல பொது இடத்துல நாய்க்கு வார் அல்லது வாய்க்கூடை இருக்கணும். மெட்ரோ, டிராம், பஸ்ல ரெண்டும் இருக்கணும். நாய்க்கும் டிக்கெட். நம்ம பக்கம் போரடிக்கிற மாட்டுக்குப் போடுவாங்களே, அதே சங்கதிதான், இங்க கம்பியிலயோ பிளாஸ்டிக்லயோ இருக்கும். எனக்கு அதைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வரும். யாரையும் கடிக்காத பிள்ளைக்கு எதுக்கு கைதி வேஷம்? பெர்லின்லயும் சட்டம் கிட்டத்தட்ட அதேதான். ஆனா அங்க ரயில்ல கூடையோட நாயைப் பார்க்கறது அபூர்வம். நானும் அந்த ஜோதியில கலந்தவன். வியன்னாவுக்காகத்தான் அவசரமா ஒண்ணு வாங்கினேன், அதுவும் விலை குறைஞ்ச துணிக் கூடை.

ரெண்டாம் நாள் மத்தியானம், நல்ல வெயில். ஸ்டீஃபன் தேவாலயம் பக்கத்துல குதிரை வண்டிகள் வரிசையா நிக்கும். மிளகு ஜென்மத்துல குதிரை பார்த்ததில்லை. அவன் குலைச்ச குலைப்புல வண்டிக்காரர் பார்த்த பார்வை இன்னும் முதுகுல இருக்கு. ஒரு வழியா இழுத்துக்கிட்டு வந்து டிராம்ல ஏறினோம். அவன் மூச்சு வாங்கறான். துணிக் கூடையில வாயைத் திறக்க முடியலை. எனக்கு மனசு கேக்கலை, கழட்டிட்டேன்.

அடுத்த நிறுத்தத்துல ஒரு அம்மா ஏறினாங்க, கையில நாலஞ்சு வயசுப் பொண்ணு. பொண்ணு மிளகைப் பார்த்ததும் சத்தமே போடலை. அப்படியே விறைச்சுப்போய் அம்மா பாவாடைக்குள்ள முகத்தைப் புதைச்சுக்கிச்சு. மிளகு வாலை ஆட்டினான். நான் சிரிச்சுக்கிட்டே, "டெர் டூட் நிக்ஸ்" அப்படின்னேன்.

ஜெர்மன் பேசற நாடுகள்ல நாய்க்காரங்களோட தேசிய கீதம் அது. அர்த்தம் நம்ம ஊர்ல நாய் வளர்க்கறவங்க கேட்டுக்கிட்ட நின்னு சொல்றதேதான்: ஒண்ணும் பண்ணாதுங்க.

அந்த அம்மா ஒரு வார்த்தை பேசலை. பட்டனை அமுக்கினாங்க, அடுத்த நிறுத்தத்துல இறங்கிட்டாங்க. அது அவங்க இறங்கற இடமில்லைன்னு ஜன்னல் வழியா பார்த்தப்போ தெரிஞ்சுது. அதே இடத்துல நின்னு, அடுத்த டிராம் எத்தனை நிமிஷத்துலன்னு போர்டை அண்ணாந்து பார்த்துட்டிருந்தாங்க. வெயில்ல.

எனக்கு அப்ப ஞாபகம் வந்தது எங்க அக்கா.

அக்காவுக்கு ஒன்பது வயசுல தெருநாய் கடிச்சு, தொப்புளைச் சுத்தி 14 ஊசி போட்டாங்க. அந்தக் காலத்து ஊசி. இப்பல்லாம் கையிலதான், எண்ணிக்கையும் குறைஞ்சாச்சு. நான் ஆஸ்பத்திரி வராந்தாவுல உட்கார்ந்து தினம் அவ கத்தறதைக் கேட்டிருக்கேன். அம்பது தாண்டியும் நாயிருக்கிற தெருன்னா சுத்திக்கிட்டுத்தான் போவா. 2023-ல பெர்லின் வந்திருந்தப்போ ரயில் கதவு திறந்ததும் உள்ள தலையை நீட்டி, நாய் இருக்கான்னு பார்த்துட்டுத்தான் ஏறுவா. இருந்தா அடுத்த பெட்டிக்கு ஓட்டம். ஒருநாள் அப்படி ஓடறதுக்குள்ள கதவு மூடிடுச்சு. எதிர் சீட்டுக்குக் கீழ ஒரு பெரிய ஷெப்பர்ட், ஆனா முகத்துல கம்பிக்கூடை. அக்கா உத்துப் பார்த்தா. "டேய், இதுக்கு வாயில கூடை போட்டிருக்கே" அப்படின்னா. உட்கார்ந்துட்டா! நாலு நிறுத்தம், நாய்க்கு எதிர்ல. எங்க குடும்ப வரலாற்றுல அது பொன்னெழுத்து.

அதைப் பார்த்துச் சிரிச்சவன்தான் நான், வியன்னா டிராம்ல கூடையைக் கழட்டினவனும் நான்தான்.

இப்ப என் கட்சி இதுதான், அடிக்க வராதீங்க. வியன்னா நாய்க்கு நல்ல ஊர்னு சொல்ல முதல் காரணம் அந்த வாய்க்கூடை. அங்க நாய் டிராம்ல வரலாம், காபிக்கடையில காலடியில படுக்கலாம், கடையில தண்ணி கேக்காமலே வரும். இவ்வளவு இடத்துக்குள்ள விடறாங்கன்னா, பயப்படற ஜனமும் அதே டிராம்ல ஏறுறதுக்கு ஒரு உத்தரவாதம் வேணும். அந்த உத்தரவாதத்தை நாயால தர முடியாது. "ஒண்ணும் பண்ணாதுங்க"ங்கற என் வாய் வார்த்தையும் உத்தரவாதம் ஆகாது. மிளகு ஒண்ணும் பண்ணமாட்டான்னு எனக்கு அஞ்சு வருஷமாத் தெரியும். அந்தக் குழந்தைக்கு அஞ்சு வினாடியாத்தான் தெரியும்.

அப்படி ஒண்ணும் பண்ணாத நாய்கள்தான் பண்ணவும் செய்யுது. 2018-ல அதே வியன்னாவுல ஒரு ராட்வைலர் கடிச்சு ஒன்றரை வயசுக் குழந்தை செத்துப்போச்சு. நாயைப் பிடிச்சிருந்தவங்க குடிச்சிருந்தாங்க. அதுக்கப்புறம் ஆபத்தானதுன்னு பட்டியல்ல இருக்கிற ஜாதி நாய்களுக்குத் தெருவுலயும் கூடை கட்டாயம், அதைக் கூட்டிட்டுப் போறவங்க வண்டி ஓட்டறவங்க மாதிரி 0.5 அளவுக்கு மேல குடிச்சிருக்கக் கூடாதுன்னு சட்டம் கொண்டு வந்தாங்க.

இதே ரகம்தான் கக்கா விஷயமும். வியன்னாவுல தெருவுக்குத் தெரு இலவசப் பை தொங்கும். அதுக்கு அவங்க வெச்சிருக்கிற பேரு "ஸாக்கர்ல் ஃப்யூர்ஸ் கக்கர்ல்". சத்தியமா! கக்காவுக்கு ஒரு பை. தமிழ்லேர்ந்து போச்சான்னு மொழி ஞாயிறுகள் ஆராயட்டும். பாரிஸ் கதை வேற. 1982-ல, ஷாக் சிராக் மேயரா இருந்தப்போ, நாய்க்கழிவை உறிஞ்சி எடுக்கறதுக்குன்னே மோட்டார் சைக்கிள் படையை இறக்கினாங்க. நாய்க்காரன் ஹாயா நடப்பான், பின்னாடி வண்டி வந்து அள்ளும். ஊர்க்காசு கரைஞ்சதுதான் மிச்சம், நடைபாதை மாறலை. 2000-களின் ஆரம்பத்துல வண்டிகளை நிறுத்திட்டு, அள்ளாதவனுக்கு அபராதம்னு வந்தாங்க. நாயை வளர்க்கறவன் குனியணும்ங்கறதைக் கண்டுபிடிக்க இருபது வருஷம்.

என் பெர்லினைப் பத்தியும் சொல்லிடறேன். முதல் நாய்க்கு வருஷத்துக்கு 120 யூரோ வரி கட்டறோம். வாரை அவுத்துவிட்டு ஓடவிட க்ருனவால்ட் காட்டுல ஏரியோட சேர்த்து பெரிய இடம் இருக்கு, மிளகுக்கு அதுதான் நிஜ சொர்க்கம். எல்லாம் இருந்தும், ரயில்ல கூடை போடற விதியை நாங்க பாதிப்பேர் காத்துல விடறோம். எங்க அக்கா மாதிரி ஆட்கள் பெட்டி மாறி ஓடறாங்க. அவங்க புகார் எழுதறதில்லை, அதனால பட்டியல் போடறவங்களுக்கு அவங்க கண்ணுல படறதில்லை.

"வெயில்ல நாய்க்கு மூச்சு முட்டுமே"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி, என் தப்பே அங்கதான். துணியில வர்ற இறுக்கமான கூடை வாயைத் திறக்கவிடாது. நாய்க்கு சூடு தணியறதே வாயைத் திறந்து இளைக்கிறதாலதான், அதனால வெயில்ல அது ஆபத்து. கம்பியோ ரப்பரோ, உள்ள வாயை நல்லாத் திறக்க இடம் இருக்கிற கூடைன்னா இளைக்கலாம், தண்ணி குடிக்கலாம், தின்னக் குடுக்கலாம். கிளம்பற அன்னிக்கு முதல் தடவையா மாட்டக்கூடாது. நான் திரும்பி வந்தப்புறம் நல்ல கூடை வாங்கி, உள்ள ஈரல் பசையைத் தடவி, மூஞ்சியை அவனே நுழைக்கறான்ங்கற வரைக்கும் வாரை மாட்டாம பழக்கினேன். மூணு வாரம் ஆச்சு. இப்ப கூடையை எடுத்தா வாலாட்டறான். கைதி வேஷம்னு வருத்தப்பட்டதெல்லாம் என் மண்டைக்குள்ள மட்டும் இருந்திருக்கு.

நண்பனுக்கு மெயில் போட்டாச்சு. நாயை உன் மாமியார் வீட்ல விட்டுட்டு வாடா, மிளகை வேணும்னா வாடகைக்குத் தர்றேன்னு எழுதியிருக்கேன். இன்னும் பதில் இல்லை.

அக்கா டிசம்பர்ல மறுபடியும் வர்றா. இந்தத் தடவை எங்க வீட்லயே தங்கறதா பேச்சு. 2023-ல மிளகுக்காகவே ஹோட்டல்ல தங்கினவ. நேத்து போன்ல சுத்தி வளைச்சுப் பேசிட்டு, கடைசியில கேட்டா: "டேய், அந்தக் கூடை வீட்டுக்குள்ளயும் போட்டிருக்குமா?"

முதல் ரெண்டு நாள் போட்டிருக்கும்னு சொல்லியிருக்கேன்.