ஈடுபாடு எங்கிருந்து வரும்?

வணிகவியல் பாடப் புத்தகத்தில் "ஊழியர் ஈடுபாடு" என்று ஒரு பகுதி இருக்கும். பாராட்டு, பரிசு, பயிற்சி, நல்ல தலைமை என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். அப்படியே எழுதினால் தேர்வில் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்!

அவரைப் பொறுத்தவரை நிர்வாகம் என்றால் சூப்பர்வைசர்தான். மணிக்கு இத்தனை பீஸ் என்று விரட்டுபவர் அவர். லீவு கேட்பதும் அவரிடம், கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்பதும் அவரிடம். அவர் மீதே புகார் என்றால் யாரிடம் போவது?

திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல் என்ற தொழிற்சாலை வெளிநாட்டு பிராண்டுகளுக்குத் துணி தைத்தது. அங்கு வேலை பார்த்த 20 வயது தலித் பெண் 2021 ஜனவரியில் பிணமாகக் கிடந்தார். கொலை வழக்கில் கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2013லேயே சட்டம் வந்துவிட்டது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் புகார்க் குழு கட்டாயம். சட்டம் இருந்து என்ன பயன்?

மாற்றம் எப்படி வந்தது தெரியுமா? பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் போராடியது. 2022ல் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைப் பயிற்றுவித்தார்கள். ஒப்பந்தத்தை மீறினால் பிராண்டுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். அதாவது, சூப்பர்வைசரைக் கேள்வி கேட்க தொழிலாளிக்கு ஒரு வழி பிறந்தது. எந்த மேலாண்மைப் பயிற்சி வகுப்பும் செய்யாத வேலை இது.

இது புதுச்சேரிக்குப் புதிய பாடம் அல்ல. 1936 ஜூலை 30 அன்று, உரிமை கேட்ட சவானா மில் தொழிலாளர்களைப் பிரெஞ்சு அரசின் படை சுட்டது. 12 பேர் செத்தார்கள். அந்த ரத்தத்திற்குப் பிறகுதான் 1937ல் பிரெஞ்சு இந்தியாவில் 8 மணி நேர வேலை சட்டமானது. முதலாளி மனமுவந்து கொடுத்ததல்ல அது!

"சங்கம் வந்தால் மில்லை மூட வேண்டியதுதான்" என்று சிலர் கடலூர் சாலையில் பூட்டிக் கிடக்கும் ஏ.எஃப்.டி. மில்லைக் காட்டுவார்கள். அது மூடப்பட்டது 2020ல். 8 மணி நேரச் சட்டம் வந்த பிறகும் 80 ஆண்டுகளுக்கு மேல் அந்த மில் இருந்ததே, அதற்கு என்ன பதில்?

சூப்பர்வைசரும் சம்பளக்காரர்தான். மேலே வாங்கிய திட்டைக் கீழே இறக்குகிறார். ஆளை மாற்றினாலும் டார்கெட் மாறாது, அந்த நாற்காலியில் உட்காரும் அடுத்தவரும் அதையேதான் செய்வார். விலையைக் குறைத்து, நாளைக் குறைத்து ஆர்டர் கொடுக்கும் பிராண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பயந்தவர் குனிந்து தைப்பார், அவ்வளவுதான். அதை ஈடுபாடு என்று கணக்கெழுதாதீர்கள். எதிர்த்துப் பேசியும் வேலை போகாது என்ற நம்பிக்கை வரட்டும். ஈடுபாடு தானாக வரும்.