சூரியனைக் கையால் மறைக்கலாம்

“சூரியனைக் கையால் மறைக்க முடியுமா?” என்று மேடைப் பேச்சாளர்கள் முழங்கும்போதெல்லாம் கைதட்டல் எழுகிறது. முடியும் என்பதே இயற்பியல் மாணவியாகிய என் விடை. நம் கண்ணுக்குச் சூரிய வட்டத்தின் அகலம் அரை டிகிரிதான். கையை முழுதாக நீட்டிச் சுண்டுவிரலை உயர்த்தினால், அதன் அகலம் ஒரு டிகிரியை மறைத்துவிடும். வரப்பில் நின்று நெற்றியில் கை வைத்து மேற்கே பார்க்கும் என் தந்தை, கணக்குத் தெரியாமலே இதைத்தான் நாள்தோறும் செய்கிறார்.

கார்களில் அந்தக் கையின் வேலையைச் செய்வது வைசர். முன்கண்ணாடியின் மேல்சட்டத்தில் மடிந்து கிடக்கும் சிறு பலகை. வேண்டும்போது இறக்கலாம், வேண்டாதபோது ஏற்றலாம். கூரையைக் கழற்றி ஓட்டுகிற இருவர் காரில் அதைக் கழற்றி எறிந்துவிடலாமா, கூடாதா என்பதே இக்கட்டுரையின் பொருள். பேருந்துப் படிக்கட்டில் தொங்கியபடி கல்லூரிக்கு வரும் நமக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று தோழர்கள் எள்ளி நகையாடக்கூடும். காரணம் உண்டு.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பத்தாம் வகுப்போடு நின்று குஷன் கடையில் சேர்ந்த என் அண்ணன், இன்று ஷார்ஜாவில் கார் இருக்கை தைக்கும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறார். அவர் அனுப்பும் பணத்தில்தான் படிக்கிறேன். சென்ற டிசம்பரில் ஒரு நாள் இரவு கைப்பேசியில் அழைத்தார். “பாப்பா, ஒரு வெள்ளைக்காரர் மாஸ்டா வண்டி கொண்டுவந்து வைசர் ரெண்டையும் கழட்டச் சொல்றார். எனக்கு மனசு ஒப்பல. நீ சயின்ஸ் படிக்கிறியே, கழட்டலாமா?” என்றார். இரண்டு ஆண்டுகளாக நான் படிப்பதைப் பற்றி வீட்டில் யாரும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

வண்டி மாஸ்டா எம்.எக்ஸ்.5. ஹிரோஷிமாவைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தார் 1989-இல் சிகாகோ கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டிய வகை. 2016-இல் பத்து இலட்சமாவது வண்டியும் வெளிவந்துவிட்டது. தரையோடு தரையாகத் தாழ்ந்து ஓடும் வண்டி. ஓட்டுபவர் நெடியவராக இருந்துவிட்டால் முன்கண்ணாடியின் மேல்சட்டம் அவர் புருவத்துக்கு எதிரே வந்து நிற்கும். மடித்து வைத்த வைசர் அதற்கும் கீழே தொங்கும். அந்த மனிதருக்கு இதுதான் தொல்லை. சிக்னலில் நின்றால் விளக்கைப் பார்க்கக் கழுத்தைக் குனிய வேண்டியிருக்கிறதாம். எடையும் குறையும் என்பது அவர் சொன்ன இரண்டாவது காரணம்.

இரண்டாவதை உடனே தள்ளிவிடலாம். வைசர் இரண்டும் சேர்ந்து ஒரு கிலோ தேறாது என்கிறார் அண்ணன். வண்டியோ ஏறத்தாழ 1000 கிலோ. நியூட்டனின் இரண்டாம் விதிப்படி வேகம் கூடும் வீதத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடக் கிடைக்காது. 45 லிட்டர் கொள்ளும் டாங்கியை நிரப்பினாலே முப்பது கிலோவுக்கு மேல் ஏறுகிறது. எடைதான் கவலை என்றால் பாதி டாங்கியோடு ஓட்டட்டும்!

முதற் காரணம் அப்படியன்று. அதை நான் இலேசாக எண்ணவில்லை. அண்ணனை டேப் வைத்து அளக்கச் சொன்னேன். கண்ணிலிருந்து மேல்சட்டம் 60 செ.மீ. முன்னால், 10 செ.மீ. உயரத்தில். மடித்த வைசர் அதில் 3 செ.மீ.யைத் தின்றுவிடுகிறது. தரையிலிருந்து கண்ணுக்கு 110 செ.மீ. சிக்னல் விளக்கு 5 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். வைசர் இல்லாவிட்டால் விளக்குக்கு 23 மீட்டர் தொலைவு வரும்வரை கண்ணாடி வழியே அது தெரியும். வைசர் இருந்தால் 33 மீட்டரிலேயே மறைந்துவிடும். பத்து மீட்டர் இழப்பு! இந்த இடத்தில் நானே “கழற்றிவிடுங்கள் அண்ணா” என்று சொல்ல இருந்தேன்.

ஆனால் அவர் எந்த வழியாக வீடு செல்கிறார் என்று கேட்டபோது கணக்கு மாறிற்று. வேலை துபாயில், வீடு அபுதாபியில். அந்த நெடுஞ்சாலை தென்மேற்கு நோக்கிச் செல்கிறது. டிசம்பரில் சூரியன் மறைவதும் மேற்கிலிருந்து தெற்கே விலகித்தான். மாலை ஐந்தரை மணியளவில் மறையும். அலுவலகம் விட்டு வருகிறவர் நேரே சூரியனுக்குள் ஓட்டுகிறார் என்று பொருள். மேல்சட்டத்துக்கு மேலே சூரியன் இருக்கும்வரை வைசரால் பயனில்லை. அப்போது தொப்பிதான் கதி. ஒன்பதரை டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகே கண்ணாடி வழியாக அடிக்கும். துபாயில் அந்த மாதத்தில் சூரியன் மணிக்கு ஏறத்தாழ 12 டிகிரி வீதம் இறங்குகிறது. ஆகவே நாள்தோறும் முக்கால் மணி நேரம்! கடைசிப் பத்து நிமிடம் அது சாலையோடு ஒட்டிவிடுவதால் எந்த வைசரும் உதவாது, வேகத்தைக் குறைப்பதைத் தவிர வழியில்லை. எஞ்சிய அரை மணிக்கு மேற்பட்ட நேரத்துக்கு அந்தச் சிறு பலகையே துணை. (இலண்டன்காரர் பாடு இன்னும் மோசம். அங்கே டிசம்பர் 21 நண்பகலில்கூடச் சூரியன் 15 டிகிரி உயரத்தைத் தாண்டுவதில்லை.)

கறுப்புக் கண்ணாடி அணிந்துகொண்டால் போதாதா என்று எங்கள் வகுப்பிலேயே ஒரு தோழி கேட்டாள். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஐந்தில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடும் கண்ணாடி என்று வைத்துக்கொள்வோம். சூரியனின் ஒளி ஐந்தில் ஒன்றாகும். சாலையோர நிழலில் நிற்கும் மனிதனிடமிருந்து வரும் ஒளியும் ஐந்தில் ஒன்றாகும். இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறவில்லையே! கண்ணைக் கெடுப்பது அந்த விகிதம்தான். முன்கண்ணாடியில் படிந்த பாலைத் தூசியிலும் நம் விழிக்குள்ளேயும் சூரிய ஒளி சிதறி ஒரு வெண்திரை விழுகிறது. அதற்குப் பின்னால் மங்கலான பொருள்கள் எல்லாம் கரைந்துபோகின்றன. வைசரோ சூரியனை மட்டும் மறைத்து மனிதனை விட்டுவைக்கிறது. விளிம்பு வைத்த தொப்பியும் இதே வேலையைச் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் கூரையில்லாத வண்டியில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் தலையில் நிற்கும் தொப்பியை நம்பி ஒரு பலகையைக் கழற்றுவது எனக்கு உகந்ததாகப் படவில்லை.

அந்த நேரத்தில் சாலையோரம் யார் நிற்கிறார்கள்? வேலை முடிந்து அறைக்குத் திரும்பும் தொழிலாளிகள். என் அண்ணனும் ஐந்தரை மணிக்குப் பட்டறை விட்டுச் சாலையைக் கடந்துதான் தங்குமிடம் போகிறார். சாம்பல் நிறச் சீருடை. வெண்திரைக்குப் பின்னால் அந்த நிறம் தெரியவே தெரியாது. வண்டி அவருடையதுதான், கண்ணும் அவருடையதுதான். ஆனால் அந்தக் கண்ணுக்குத் தெரியாமல் போகிற ஆள் அவருடையவன் அல்லன்.

ஆகவே கழற்றக் கூடாது என்று அண்ணனிடம் சொன்னேன். கணக்கு முழுவதையும் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி பாப்பா, அவருக்கு சிக்னல் தெரியணுமே, அதுக்கு என்ன வழி?” என்றார். என்னிடம் விடை இல்லை. “மூணு சென்டிமீட்டர்தானே? சீட்டு ஃபோம்ல அடியில மூணு சென்டிமீட்டர் செதுக்கிடறேன்” என்றார்.

திகைத்துப்போனேன். கண் மூன்று சென்டிமீட்டர் இறங்கினால், வைசர் தின்ற மூன்றும் அப்படியே திரும்பக் கிடைக்கிறது. விளக்கு மீண்டும் 23 மீட்டர் வரை தெரியும். வைசரும் இருக்கும். நான் கோணங்களிலேயே உழன்றுகொண்டிருந்தேன். இருக்கை தாழக்கூடியது என்பது என் படத்தில் இல்லவே இல்லை. எம்.எக்ஸ்.5 வைத்திருக்கும் நெடியவர்கள் பலர் இப்படி ஃபோமைச் செதுக்கிக்கொள்வது வழக்கம் என்று பின்னர் அறிந்தேன். அண்ணனுக்கு அது யாரும் சொல்லிக் கொடுத்ததன்று. “பக்கத்து சீட்டுல மட்டும் கை வைக்கக் கூடாது. புது வண்டியில ஆள் இருக்கானான்னு பார்க்கிற சென்சார் உள்ள இருக்கும்” என்றும் சொன்னார்.

வண்டிக்காரர் ஒப்புக்கொண்டார். ஆனால் பக்கத்து இருக்கைக்கு நேரே உள்ள வைசரை மட்டுமாவது கழற்றியே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறார். அண்ணன் கழற்றிச் செய்தித்தாளில் சுற்றி, திருகாணிகளை ஒரு பொட்டலமாகக் கட்டி டிக்கியில் வைத்துக் கொடுத்துவிட்டார்.

இதில் எனக்கு உடன்பாடில்லை. வைசர் நிழலுக்கு மட்டும் வைத்ததன்று. அமெரிக்காவில் 1968 முதல் நடப்பிலுள்ள பாதுகாப்பு விதி 201, முன்னிருக்கையில் அமரும் இருவருக்கும் மோதலைத் தாங்கும் மெத்தைப் பொருளால் ஆன வைசர் இருக்க வேண்டும் என்று வண்டி செய்வோருக்குக் கட்டளையிடுகிறது. தலை மோதக்கூடிய இடம் என்பதால்தான். காற்றுப்பை பற்றிய எச்சரிக்கை வாசகத்தையும் அங்கே வைசரில்தான் ஒட்டச் சொல்கிறார்கள். பக்கத்தில் அமர்பவர் ஓட்டவில்லை என்பதற்காக அவர் தலை மட்டும் இரும்பாகிவிடுமா?

இதை அண்ணனிடம் சொன்னேன். “முதலாளி பக்கத்துல நின்னுட்டிருந்தார் பாப்பா” என்றார். பிறகு, தேர்வுக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டார்.